எழுத்துச் சின்னனான வருசம்

குருநகரிலே போட் எஞ்சின் பழுதுபார்க்கிற வின்சன்றுக்கு இப்படியொரு கையெழுத்து இருக்கிறதென்று வெளியாட்களுக்கு முதலில் சொன்னவள் பெர்னடெட்தான். அந்த எழுத்தைப் பற்றிச் சொல்லக்கூடாததைச் சொன்னவளும் அவள்தான். இரண்டுக்கும் இடையில் ஒன்றரை வருடம்கூட இல்லை.

பெர்னடெட் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். வயது நாற்பத்தாறு. கலியாணம் கட்டவில்லை. தாயும் போனபிறகு குருநகர் வீட்டில் தனியே இருந்தாள். நாள் முழுக்க டொக்டர்மாரின் கிறுக்கலை வாசித்து வாசித்து, நல்ல எழுத்தொன்றைக் கண்டால் அவளுக்குப் பசியெடுத்த மாதிரி இருக்கும். மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம், எமில்ராஜ் என்பவரின் போட்டோ ஸ்ரூடியோவுக்கு மேல்மாடியில், மைப்பேனைப் பைத்தியம் பிடித்த ஒன்பது பேர் கூடுவார்கள். நடுமேசையில் ஒரு வெள்ளைத் துவாயை விரித்து, அவரவர் பேனைகளையும் மைப்போத்தல்களையும் அதில் வைப்பார்கள். ஒருவர் கனடாவிலிருந்து வந்த தமையனிடம் சொல்லி ஒரு பச்சை மை எடுப்பித்திருப்பார். இன்னொருவர் பழைய பேனையொன்றின் தொண்டையில் காய்ந்து கிடந்த மையை இரண்டு நாள் வெந்நீரில் ஊறப்போட்டுக் கழுவிக் கொண்டு வந்திருப்பார். அன்றைக்கு எல்லோரும் மற்றவருடைய பேனையால்தான் எழுதவேண்டும். எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் எழுதவேண்டும். அதுதான் அங்கத்தைய ஒழுங்கு.

வசனத்தைக் கட்டிக்கொடுத்தவள் நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வருகிற றஜிதா ரீச்சர். ‘ஞாயிற்றுக்கிழமை கொடிகாமத்துச் சந்தையில் வாங்கிய கதலிக்குலை இன்னும் பழுக்கவில்லை.’ ஞ-வும் ழ-வும் ற-வும் ஐகாரமும் ஒன்றாய் வருகிற வசனம். அதைப் பொதுக்கொப்பியில் எழுதி, கீழே திகதியும் போட்டால், மற்றவர்கள் பக்கத்திலே ஒரு வரி அபிப்பிராயம் எழுதலாம். கொப்பி பெர்னடெட்டின் பொறுப்பில் இருந்தது.

வின்சன்றை அவள் கூட்டிக்கொண்டு போனது ஒரு யூலை மாதம். பங்குக் கோயிலில் ஞானஸ்நானம், முதல்நன்மை, கலியாணம் என்று எந்தச் சான்றிதழானாலும் பெயர் எழுதுவது அவர்தான். இருபத்திரண்டு வருடமாய் எழுதி வந்தார். ஆனால் அவர் அதை ஒரு கலையென்று நினைத்ததில்லை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற மாதிரி அதுவும் ஒரு வேலை. முதல் நாள் ஸ்ரூடியோவின் பின்பக்கப் பைப்பில் இரண்டு தரம் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டும், துவாயில் கிடந்த பேனைகளைத் தொடமாட்டேனென்று நின்றார்.

“என்ரை கை எண்ணெய்க் கை, பிள்ளை. சனத்தின்ரை சாமானிலை பிரண்டுபோம்.”

“பிரண்டால் துடைச்சு விடுவம் அண்ணை. எழுதுங்கோ.”

தன் சேட் பொக்கற்றிலிருந்து ஒரு கறுப்புப் பேனையை எடுத்தார். அதன் நிப்பை எண்ணெய்க்கல்லில் தானே தேய்த்துச் சப்பையாக்கியிருந்தார். ஒழுங்கை அன்றைக்கு ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. தன் பேனையாலேயே எழுதினார். கீழிறங்கும் கோடுகள் தடித்தும், குறுக்கே போகிறவை மயிரிழையாயும் இருந்தன. ழ-வின் வால் வரிக்குக் கீழே இறங்கி ஒரு சுழி சுழித்து நின்றது. எழுத்தொவ்வொன்றும் நிமிர்ந்து, பக்கத்து எழுத்துக்கு இடம் விட்டு நின்றது. எமில்ராஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கொப்பியைக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதை றஜிதாவிடம் நீட்டினார்.

பெர்னடெட்டுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. அவளுடைய எழுத்தும் நல்ல எழுத்துத்தான்; பிழையில்லாத, வரி தப்பாத எழுத்து. ஆனால் அதை யாரும் வாங்கிக் கிட்டப் பிடித்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு வீடு போகும்போது அவளுக்கு அது உறைத்தது. உடனே அந்த நினைப்பைத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டதாகத்தான் நினைத்தாள்.

வின்சன்ற் அதன்பிறகு ஒரு மாதமும் தவறவில்லை. மற்றவர்கள் மை நிறங்களைப் பற்றிக் கதைக்கும்போது சுவரோரமாய்க் கிடந்த மரவாங்கில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு மண்ணிற மையைப் பார்த்து “இது பழைய கிறீஸ் நிறம்” என்று சொல்ல, எல்லோரும் சிரித்தது பிறகு கனகாலம் அங்கே பகிடியாய் ஓடியது.

எழுத்து எப்போது சின்னனாகத் தொடங்கியதென்று அப்போது யாரும் கவனித்துச் சொல்லவில்லை. தை மாசிக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. வரி தொடங்கும்போது ஓரளவு இருக்கும், ‘கதலிக்குலை’க்கு வரும்போது ஒடுங்கிவிடும், ‘பழுக்கவில்லை’யை வாசிக்கக் கொப்பியைத் தூக்கவேண்டும். மெல்லிய நிப்பில் மோகம் பிடித்துவிட்டதென்று எல்லோரும் நினைத்தார்கள். மெல்லிய நிப்புக்காரர் அந்தக் கூட்டத்தில் இரண்டுபேர் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்கு ஆள் சேர்ந்த சந்தோசம். ‘முத்து முத்தாய்!’ என்று எமில்ராஜ் பக்கத்தில் எழுதினார். ‘இவ்வளவு சின்னதாய் எழுத என்ன பொறுமை வேண்டும்’ என்று றஜிதா எழுதினாள். பெர்னடெட் எழுதியது: ‘எறும்பு ஊர்ந்த மாதிரி. அண்ணை மையை மிச்சம் பிடிக்கிறார்.’

அவர் வாசித்தார். சிரிக்கவில்லை. இப்போதெல்லாம் அவர் ஒன்றுக்கும் சிரிக்கிறதில்லை, முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு இருக்கிறார், நாலுபேர் புகழத் தொடங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று அவள் நினைத்தாள்.

பங்குனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை அவர் பாமசிக்கு வந்தார். கிளினிக் நாள். கவுண்டருக்கு முன்னாலே சனம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவர் ஒரு கரையில் ஒதுங்கி, அவள் தன் பக்கம் திரும்பும்வரை நின்றார்.

“பிள்ளை, எழுத்துச் சின்னனாகிறதுக்கு ஏதும் மருந்திருக்கோ?”

அவள் கையில் யாருடையதோ மருந்துத் துண்டு. “இருக்குது அண்ணை. மொத்த நிப். ஒரு நாளைக்கு மூண்டு தரம், சாப்பாட்டுக்குப் பிறகு.”

நின்ற சனம் சிரித்தது.

“இல்லைப் பிள்ளை. நான் பெரிசாத்தான் எழுதுறன். எழுதி முடிச்சுப் பாத்தால் சின்னனாக் கிடக்குது.”

“கண்ணாடியை ஒருக்கால் செக் பண்ணிப் பாருங்கோ” என்று சொல்லிவிட்டு அடுத்த துண்டை வாங்கினாள். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். திரும்பிப் பார்த்தபோது ஆளைக் காணவில்லை. கண்ணாடி மாற்றினாரென்று அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. புதுக் கண்ணாடியோடும் எழுத்து அப்படியே இருந்தது. அந்தக் கோடையில் அவர் துவாயில் கிடந்த ஒவ்வொரு பேனையாலும் எழுதிப் பார்த்தார். “இதைவிட மொத்தமாய் ஆரிட்டையேன் இருக்கோ?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பேனை ஆசை முற்றிவிட்டதென்று பகிடி பண்ணினார்கள்.

ஆவணியில் முதல்நன்மை, பிள்ளைகள் முதன்முதலாய் நற்கருணை வாங்குகிற நாள். அறுபத்துநாலு பிள்ளைகள். பூசை முடிந்து பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு முற்றத்தில் படம் எடுத்துக்கொண்டு நிற்க, தாய்மார் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பெரிய பூவேலைக் கரைக்கு நடுவிலே, நீளமான கோட்டின் ஒரு மூலையில், பிள்ளையின் பெயர் ஊசிமுனையாய்க் கிடந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற சாமான். இரண்டு மூன்று பேர் பங்குப் பாதரிடம் போய் முறைப்பட்டார்கள்.

அன்று பின்னேரம் பாதர் பெர்னடெட்டைப் பங்குமனைக்குக் கூப்பிட்டார். சான்றிதழொன்றை மேசையில் வைத்தார்.

“வின்சன்றுக்கு என்ன நடந்தது? நீங்கள் ரெண்டு பேரும் ஒரு பேனைக் கூட்டத்துக்குப் போறனீங்கள்தானே?”

அவள் சான்றிதழைப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவளுக்குச் சொல்லக்கூடியவை எத்தனையோ இருந்தன. தெரியாது பாதர், ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ என்று சொல்லியிருக்கலாம். ஆளுக்கு ஏதும் சுகமில்லையோ தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஏழெட்டு வீடு தள்ளி இருக்கிற மனிசன். போய்க் கேட்டுவிட்டு வாறேனென்று சொல்லியிருக்கலாம்.

“அவர் வேணுமெண்டுதான் உப்பிடி எழுதுறார் பாதர்” என்றாள். “இப்ப அவருக்குச் சின்னன் எழுத்திலை ஒரு மோகம். நாங்களும் சொல்லிப் பாத்தம்.”

யாரும் சொல்லிப் பார்க்கவில்லை. அது பொய். சொல்லும்போதே அவளுக்குத் தெரியும்.

“அப்ப என்ன செய்யிறது? வேறை அச்சுத் தாள் மிச்சமிருக்குது.”

“நான் எழுதித் தாறன்” என்றாள் பெர்னடெட்.

மூன்று பின்னேரம் இருந்து அறுபத்துநாலு பெயரையும் எழுதினாள். அவ்வளவு சந்தோசமாய் அவள் எதையும் எழுதினதில்லை. வின்சன்றிடம் அவள் போய்ச் சொல்லவில்லை. பாதர் சொல்லட்டுமென்று விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அவர் ஸ்ரூடியோவுக்கு வந்தார். படியேறி வர நேரமெடுத்தது. வசனத்தை எழுதினார், திகதி போட்டார். போகும்போது தன் கறுப்புப் பேனையைக் கழுவித் துடைத்து அவளுக்கு முன்னாலே வைத்தார்.

“சான்றிதழுக்கு இதுதான் நல்லம். இனி உமக்குத்தானே தேவை.”

முகத்தில் ஒன்றும் இல்லை. குத்திக் காட்டுகிறார் என்று அவளுக்குப் பட்டது. “தாங்ஸ் அண்ணை” என்று மட்டும் சொன்னாள். இரண்டு நாள் கழித்து, அவர்களுடைய வட்ஸ்அப் குழுவில் வின்சன்ற் வெளியேறினார் என்று ஒரு வரி வந்தது. கோபம் ஆறட்டுமென்று எமில்ராஜ் சொன்னார். ஆறினதா என்று கேட்க ஒருவரும் போகவில்லை. பூசையில் அவரைக் கண்டால் பெர்னடெட் மற்றப் பக்கத்து வாசலால் வெளிக்கிட்டுப் போனாள். மார்கழியில் துறையிலே விழுந்துவிட்டாராம், கை முறிவாம் என்று கேள்விப்பட்டபோதுகூட, இப்போது போனால் என்னத்தைச் சொல்லுறது என்று நாளைக் கடத்தினாள்.

மாசி மாதம் ஒரு காலமை கத்தரீனா பாமசிக்கு வந்தாள். வின்சன்றின் மனிசி. பெர்னடெட்டைக் கண்டதும், கவுண்டரில் நின்ற மற்றப் பெடிச்சியிடம் மருந்துத் துண்டைக் கொடுத்தாள். அந்தப் பெடிச்சிக்கு டொக்டரின் எழுத்து விளங்கவில்லை. வழக்கம்போல பெர்னடெட்டிடம் கொண்டுவந்து நீட்டினாள்.

வின்சன்ற், ஐம்பத்தொன்பது வயது. லெவோடோபா. ஒரு நாளைக்கு மூன்று தரம்.

அந்தக் குளிசை எதற்கென்று பெர்னடெட்டுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்காய் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். படிக்கிற காலத்தில் பார்க்கின்சன் வருத்தத்தின் அறிகுறிகளைப் பாடமாக்கி எழுதியிருக்கிறாள். நடுக்கம், விறைப்பு, நடை தளருதல், முகபாவம் குறைதல். கையெழுத்துச் சிறுத்துப்போதல். அந்த ஐந்தாவதைச் சோதனையில் தான் மறக்காமல் எழுதியதும், அதற்குப் புள்ளி கிடைத்ததும் அவளுக்கு ஞாபகம் வந்தது. வின்சன்றுக்கு நடுக்கம் இருக்கவில்லை. மற்றதெல்லாம் அவளுக்கு முன்னாலேதான் நடந்தது.

துண்டை மற்றப் பெடிச்சியிடமே திருப்பிக் கொடுத்தாள். அவள்தான் குளிசையை எண்ணிக் கொடுத்தாள்.

அன்றைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து பொதுக்கொப்பியை எடுத்தாள். அவர் எழுதிய பக்கங்கள் பதினைந்து. ஒரே வசனம், பதினைந்து தரம், கீழே திகதி. யூலையில் அந்த வசனம் இரண்டு வரி பிடித்திருந்தது. கார்த்திகையில் ஒன்றரை. மாசியில் ஒரு வரி. கடைசிப் பக்கத்தில் அரை வரிக்குள் முடிந்து, மிச்சத் தாள் வெறுமையாய்க் கிடந்தது. ஒரு டொக்டருக்கு இதைவிடத் தெளிவாய் எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. பக்கத்திலே அவர்களுடைய அபிப்பிராயங்கள். முத்து முத்தாய். என்ன பொறுமை. எறும்பு ஊர்ந்த மாதிரி.

அன்று பின்னேரமே போனாள். கத்தரீனா படலையில் நின்றாள். திறக்கவில்லை.

“என்ன விசயம்?”

“அண்ணையைப் பாக்க வேணும் அக்கா.”

“இப்பதான் பாக்க வேணுமெண்டு வந்ததோ? வேணுமெண்டு சின்னனா எழுதுறாரெண்டு பாதரிட்டைச் சொன்ன ஆள் நீர்தானே?”

பெர்னடெட் படலையில் வைத்த கையை எடுத்தாள்.

“வீட்டிலை இருந்து கொப்பி கொப்பியா எழுதிப் பழகினவர். எனக்குக் கை சோம்பல் பிடிச்சிட்டுது, எழுதி எழுதித்தான் திருத்த வேணுமெண்டு, சின்னப் பிள்ளையள் மாதிரி நாலு கோட்டுக் கொப்பி வாங்கி வைச்சு எழுதினவர். அது உமக்குத் தெரியுமோ?”

“விடும் கத்தரீனா” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலும் மெலிந்துதான் இருந்தது. “உள்ளுக்கை வரட்டும்.”

அவர் கதிரையில் இருந்தார். வலது மணிக்கட்டு கோணலாய்ப் பொருந்தியிருந்தது. துறையிலே கட்டியிருந்த போட்டிலிருந்து எஞ்சினை இறக்கிக் கொடுக்கும்போது கால் எழும்பவில்லையாம். அப்படியே மரம் சரிகிற மாதிரிச் சரிந்தாராம். ஆஸ்பத்திரியில் கைக்குக் கட்டுப் போட்ட டொக்டர்தான், அவர் நடக்கிற விதத்தைக் கண்டு வேறு டொக்டரிடம் அனுப்பினது. அதைக் கத்தரீனாதான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

பெர்னடெட் சொல்ல வந்ததைச் சொன்னாள். பாதரிடம் சொன்ன பொய்யைச் சொன்னாள். அந்த வேலை தனக்கு வரவேண்டுமென்று மனதுக்குள் கனநாளாய் ஆசை கிடந்ததையும் சொன்னாள். பாமசியில் அவர் கேட்ட கேள்விக்குத் தான் பகிடி விட்டதைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

“எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும் அண்ணை. நான் படிச்ச சாமான். நீங்கள் வாயாலையே சொன்னனீங்கள்.”

அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மட்டும் அசைந்தது. கோபமா, மன்னித்துவிட்டாரா, ஒன்றுமே இல்லையா என்று அந்த முகத்தில் அவளால் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த முகத்தைத்தான் அவள் தலைக்கனம் என்று நினைத்திருந்தாள்.

“பாதர் அண்டைக்கே எனக்குச் சொன்னவர்” என்றார் கடைசியில். “நீர் சொன்னதெண்டு. நானும் அதை நம்பினனான், பிள்ளை. உண்மையா நான் வேணுமெண்டுதான் உப்பிடி எழுதுறனோ எண்டு.”

கைப்பையில் கொண்டுவந்த கறுப்புப் பேனையை எடுத்து நீட்டினாள். அவர் இடது கையால் அதை அவள் பக்கமே தள்ளினார். “பிடிக்கேலாது. வைச்சிரும்.”

பெர்னடெட் கொப்பியை எடுத்தாள். “இதை உங்கடை டொக்டரிட்டைக் காட்டலாம். திகதியெல்லாம் இருக்குது.”

எப்போது தொடங்கினதென்று ஒவ்வொரு தரமும் டொக்டர் கேட்கிறாவாம். வின்சன்றுக்குச் சொல்லத் தெரியவில்லையாம். அடுத்த கிளினிக்குக்கு மூன்று பேருமாய் ஒரு ஓட்டோவில் போனார்கள். டொக்டர் ஒரு இளம் பெண். ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினா. போனில் படம் எடுத்தா. பிறகு பக்கத்திலிருந்த வரிகளையும் வாசித்தா.

“இது ஆர், எறும்பு ஊர்ந்த மாதிரி எண்டு எழுதினது?”

“நான்” என்றாள் பெர்னடெட்.

“நீங்கள் என்ன வேலை?”

சொன்னாள். டொக்டர் அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினா. ஏசவில்லை. முதலே வந்திருந்தாலும் வருத்தம் மாறியிராது என்று வின்சன்றுக்கு விளங்கப்படுத்தினா. ஆனால் நடமாட்டம் இவ்வளவுக்குக் கட்டுப்பட்டிராது. அந்தக் காலோடு போட்டில் ஏறவேண்டாமென்று போன வருடமே சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லும்போது டொக்டர் யாரையும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் நடுவில் வின்சன்ற் இருந்தார். கொஞ்சத் தூரம் போனபிறகு, “பதினைஞ்சு பக்கமோ?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை.”

“அப்ப ஒரு மாசமும் நான் வராமல் விடேல்லை.” கொஞ்சம் பொறுத்து, “எனக்கு அங்கை வர விருப்பமாயிருந்தது” என்றார்.

கத்தரீனா ஓட்டோவின் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெர்னடெட் பாதரிடம் போய் உண்மையைச் சொன்னாள். வருகிற முதல்நன்மைக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னாள். பாதர் தலையாட்டினார். தானும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் விட்டதை நினைத்திருக்கக் கூடும். எமில்ராஜும் றஜிதாவும் விசயம் கேட்டு வின்சன்றைப் பார்க்கப் போனார்கள். கூட்டத்தை இனி அவர் வீட்டிலேயே வைக்கலாமென்று எமில்ராஜ் கேட்டார். வேண்டாமென்று வின்சன்ற் சொல்லிவிட்டார். எழுதத் தெரிந்த ஆட்கள் எழுதுகிறதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தனக்கு மனம் வராதாம். அதற்குமேலே யாரும் வற்புறுத்தவில்லை.

மாதாமாதம் குளிசையை இப்போது பெர்னடெட்தான் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கத்தரீனா படலையில் நின்று வாங்குவாள். “எத்தினை நாளைக்கு?” என்று கேட்பாள். “முப்பது” என்று இவள் சொல்லுவாள். அவ்வளவுதான் கதை. வைகாசியில் ஒருநாள் கொதிக்கிற வெயிலில் போனபோது, கத்தரீனா குளிசைச் சரையை வாங்கிவிட்டுப் படலையைச் சாத்தாமல் நின்றாள்.

“அவர் நித்திரை” என்றாள். “வெயில் தாழட்டும், உள்ளுக்கை இரும்.”

பெர்னடெட் உள்ளே போய் இருந்தாள். கத்தரீனா ஒரு செம்பில் தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே இருந்து பயிற்றங்காயை முறிக்கத் தொடங்கினாள். உள்ளறையில் வின்சன்றின் மூச்சுக் கேட்டது. வெயில் தாழ்ந்ததும் பெர்னடெட் எழும்பி, “வாறன் அக்கா” என்றாள். கத்தரீனா தலையாட்டினாள், பயிற்றங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.